கோடோ 4: கைவசம் ஐந்து யோசனை, முதலில் எதைக் கட்டுவது?

கேம் எஞ்சினை, அதாவது கேம் கட்டும் மென்பொருளை, மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக அதிலுள்ள வசதிகளை எண்ணிக்காட்டுவார்கள். வேலை முடிந்து வந்து, ஓய்வு நேரத்தில் மட்டும் கேம் செய்கிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அவரிடம் கொப்பி நிறைய யோசனைகள் இருக்கும், இரவில் இரண்டு மணித்தியாலம் இருக்கும். எந்த யோசனைக்கு இந்த எஞ்சின் கைகொடுக்கும், எதில் பாதி வழியில் காலை வாரும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் கோடோ 4 என்ற எஞ்சினை இலங்கை மலையகத்தை வைத்த ஐந்து யோசனைகளில் உரசிப் பார்க்கிறோம்: ஒற்றைப்பாதை ரயில் புதிர், தமிழ்ச் சொல் விளையாட்டு, தேயிலை ஸ்டோர் (தோட்டத் தொழிற்சாலை), தப்பு என்ற பறையின் தாளம், பனிமூட்ட மலையில் முப்பரிமாண நடை.

முதலில் கருவியைப் பற்றி. கோடோவின் மூலநிரல் 2014-இல் திறந்து விடப்பட்டது. 4.0 பதிப்பு 2023 மார்ச்சில் வந்தது. எம்.ஐ.டி. உரிமம் என்பதால் கட்டணம் இல்லை, விற்றுச் சம்பாதித்தாலும் பங்கு கேட்க யாருமில்லை. எடிட்டரை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். கனமானது ஏற்றுமதி வார்ப்புருக்கள்தான். போனுக்கோ வலைக்கோ கேமை வெளியிட அவை வேண்டும், அளவு சுமார் ஒரு ஜிபி. டேட்டா பேக்கேஜை எண்ணிச் செலவு செய்யும் வீட்டில் இது சிறிய தொகையல்ல. ஒருவர் இறக்கி வைத்தால் மற்றவர்கள் பென் டிரைவில் வாங்கி, வார்ப்புரு மேலாளரில் 'கோப்பிலிருந்து நிறுவு' என்பதை அழுத்தினால் போதும். ஆனால் வார்ப்புருவின் எண்ணும் எடிட்டரின் எண்ணும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும். 4.3-க்கு இறக்கியது 4.4-இல் வேலை செய்யாது. ஆகவே ஒரு கேமைத் தொடங்கிய பதிப்பிலேயே முடித்துவிடுங்கள். கையேட்டையும் இணையம் இல்லாமல் படிக்க மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். எடிட்டருக்குள் எஃப்1 அழுத்தினால் வரும் உதவிப் பக்கங்களுக்கு இணையமே வேண்டாம்.

புதிய புராஜெக்ட் தொடங்கும்போது, காட்சியைத் திரையில் வரையும் ரெண்டரர் மூன்றில் எது வேண்டும் என்று கேட்கும். பழைய லேப்டொப் என்றால் 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டுக்கும் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் வழி வேண்டும். விண்டோஸில் இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய உள்ளமை கிராபிக்ஸுக்கு வல்கன் டிரைவர் கிடையாது. கம்பாட்டிபிலிட்டிக்கு ஓபன்ஜிஎல் 3.3 இருந்தால் போதும். இருபரிமாண கேமுக்கு இதில் பெரிய இழப்பு எதுவுமில்லை. வலையில் வெளியிடுவதற்கும் இதுதான் வழி.

இனி யோசனைகள். ஐந்தில் முதலில் கட்ட வேண்டியது ரயில் புதிர் என்பதே எங்கள் முடிவு. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

நானுஓயாவிலிருந்து பதுளை வரை ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலுள்ள துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அந்த உரிமைக்கு அடையாளமாகச் சாரதியின் கைக்குப் போகும் வட்டத் தகடுதான் டேப்லெட். அது கையில் இல்லாமல் வண்டி நகராது. இந்த ஒரு விதியே முழு கேமுக்கும் போதும். அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று கட்டங்களுக்குப் பெயரும் தயாராக இருக்கிறது. ஸ்டேஷனில் இரண்டு தண்டவாளம், எதிரெதிரே மூன்று வண்டி, யாருக்கு முதலில் டேப்லெட் கொடுப்பது? விளையாடுகிறவரின் விரல் செய்வது அந்த ஒரு காரியம்தான். விரல் என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற யோசனையை நம்பி எடுக்கலாம்.

கட்டும்போது பலரும் தவறுவது ரயிலுக்கு இயற்பியல் உடலைக் கொடுப்பதில். வளைவில் பெட்டிகள் ஒன்றையொன்று தள்ளி, தண்டவாளத்தை விட்டு வெளியே போகும். இயற்பியலே வேண்டாம். கோடோவில் கேமைக் கட்டும் துண்டுகளுக்கு நோட் என்று பெயர்: தண்டவாளத்துக்கு வளைகோட்டை வைத்திருக்கும் பாத்2டி, ரயில் எஞ்சினுக்கு அந்தக் கோட்டின் மேல் நகரும் பாத்ஃபாலோ2டி. அதன் 'லூப்' அமைப்பு தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அதை அணைக்காவிட்டால் பதுளைக்குப் போய்ச் சேர்ந்த வண்டி அடுத்த நொடியில் நானுஓயாவில் நிற்கும்.

அடுத்த சிக்கல் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் எஞ்சினின் தூரத்திலிருந்து கழித்து வைப்பது ஒரே பாதையில் சரியாக வரும். கிளை பிரியும் இடத்தில் எஞ்சின் புதிய பாதைக்குப் போய்விடும், கடைசிப் பெட்டி இன்னும் பழைய பாதையில் இருக்கும், கழித்தால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். பெட்டிகள் எல்லாம் கிளையின் வாசலில் குவிந்து நிற்பது இதனால்தான். எஞ்சின் கடந்த பாதைகளின் பட்டியலை, ஒவ்வொன்றும் மொத்தத் தூரத்தில் எந்த எண்ணில் தொடங்கியது என்பதோடு வைத்திருங்கள். ஒரு பெட்டியின் மொத்தத் தூரம் எந்தப் பாதைக்குள் விழுகிறது என்று பார்த்து, அந்தப் பாதையின் வளைகோட்டிலிருந்து 'சாம்பிள் பேக்ட்' மூலம் இடத்தை எடுங்கள். வண்டி பின்னால் நகர்ந்தாலும் இதே கணக்கு நிற்கும்.

தெமோதரையை ஒரு கட்டமாக வைக்க ஆசை வரும், வைக்கவும் வேண்டும். அங்கே பாதை மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. திரையில் ஒரே இடத்தில் இரண்டு மட்டம். பாதையை மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று வெட்டி, வரையும் வரிசை எண்ணான இசட் இண்டெக்ஸை வேறுவேறாகக் கொடுங்கள். அந்த எண்ணைப் பெட்டி பெட்டியாக மாற்ற வேண்டும். முழு வண்டிக்கும் ஒன்றாக மாற்றினால், எஞ்சின் சுரங்கத்துக்குள் நுழைந்த கணமே வால் பெட்டியும் தரைக்குள் மறைந்துவிடும்.

மூன்று இரவில் சாம்பல் நிறச் சதுரங்களோடு இதன் மாதிரி ஓடிவிடும். படம், சத்தம் எதுவும் சேர்க்காமல் பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். விளக்கம் சொல்லாமல் இரண்டாம் கட்டத்துக்குப் போனால் யோசனை தேறிவிட்டது.

இரண்டாவது, தமிழ்ச் சொல் விளையாட்டு. கோடோ 4 தன் முந்தைய பதிப்பை விட்டு வெகுதூரம் வந்திருப்பது இங்கேதான். கோடோ 3 தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிக்காது. கொம்பு தன் இடத்தில் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். 4-இல் எழுத்துகளைச் சேர்த்து வடிக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளே இருப்பதால் 'கொழுந்து' கொழுந்தாகவே தெரிகிறது.

ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதும் கணக்குச் சரியாக வருவதும் ஒன்றல்ல. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. கோடோவின் நீளக் கணக்கு ஐந்து என்று சொல்லும், புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால். கட்டங்களில் எழுத்தை நிரப்புகிற கேமில் இது அடிப்படையையே உடைக்கும். கோடோவில் எழுத்துகளைக் கையாளும் டெக்ஸ்ட்சர்வரில் எழுத்து எல்லைகளைத் தரும் 'ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். புராஜெக்ட் அமைப்பில் டெக்ஸ்ட் சர்வர் தரவைச் சேர்க்கும் தெரிவையும் இயக்கி வையுங்கள். கேமின் அளவு ஏறத்தாழ 4 எம்.பி. கூடும், பரவாயில்லை. இத்தனைக்குப் பிறகும் 'க்ஷ' இரண்டு துண்டாகத்தான் வரும். அதற்கு நீங்களே ஒரு விதி எழுத வேண்டும்.

இன்னொரு பொறி பார்வைக்கே தெரியாது. 'ொ' என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். சரியான விடையைக் கேம் பிழை என்று சொல்வதைப் பார்த்த பிள்ளை மறுபடி அதைத் திறக்காது. சொற்பட்டியலை ஏற்றும்போதே ொ, ோ, ௌ மூன்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 'ஔ'-க்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடித்த இடங்களையும் தேடித் திருத்துங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் கையில் இருந்தால், அது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். யூனிகோடுக்கு மாற்றாமல் கேமுக்குள் போட்டால் குப்பையாகத் தெரியும். மொழிபெயர்ப்பு அட்டவணையை சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். எக்செல்லின் சாதாரண சி.எஸ்.வி. தமிழை வரிசையான கேள்விக்குறிகளாக ஆக்கிவிடும்.

எழுத்துருவையும் மறந்துவிடாதீர்கள். எடிட்டரில் தமிழ் தெரியும், உங்கள் கணினியில் ஓட்டினாலும் தெரியும், ஏனென்றால் அங்கே கணினியின் எழுத்துரு துணைக்கு வருகிறது. வலைப் பதிப்பில் அந்தத் துணை கிடையாது. எல்லாம் பெட்டி பெட்டியாக நிற்கும். திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழைப் புராஜெக்டுக்குள்ளேயே வைத்து, முதன்மை எழுத்துருவின் மாற்று வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

விசைப்பலகைக்கு 247 பொத்தான் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 போதும். மெய்யைத் தொட்டதும் உயிர் வரிசை அந்த மெய்யின் உயிர்மெய் வரிசையாக மாறட்டும். கட்டுவதற்கு எளிதான யோசனை இது. நேரம் பிடிப்பது சொற்பட்டியல்தான். 'பிரட்டு' (காலையில் ஆள் கணக்கெடுத்தல்), 'கவ்வாத்து' (செடியை வெட்டிவிடுதல்), 'லயம்' போன்ற நம் சொற்களோடு ஐந்நூறு சொல்லாவது சேர்த்துச் சரிபார்க்க எஞ்சினுக்கு வெளியே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இரண்டாமிடம். ரயில் கேமைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டியலைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

தேயிலை ஸ்டோர் யோசனை எல்லோரிடமும் இருக்கிறது. எல்லோரும் அதை அளவுக்கு மீறிப் பெரிதாகவே எடுக்கிறார்கள். மலை, ஆள், பிரட்டு, கொழுந்து நிறுவை, ஸ்டோர், ஏலம் என்று ஆறு திரை. ஒரு எண்ணை மாற்றினால் மற்ற ஐந்தும் சாயும். திரையில் பொருட்களை ஒழுங்காக அடுக்கும் கோடோவின் கன்டெய்னர் நோட்கள் இத்தனை பட்டியலையும் பொத்தானையும் தாங்கும். தனியாளின் இரவு நேரம் தாங்காது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. விளையாடுகிறவரைத் தோட்டத் துரையின் (மேலாளரின்) நாற்காலியில் உட்கார வைத்தால், நம் தாய்மார் திரையின் மூலையில் ஒரு எண்ணாகிவிடுவார்கள். நிறை குறைந்ததற்கு 'அரைப் பேர்' (அரை நாள் சம்பளம்) போடுவது விளையாடுகிறவருக்கு லாபமாகத் தெரியும் கேமை மலையகத்திலிருந்து யாரும் செய்ய வேண்டாம்.

இதைச் செய்தே தீருவதென்றால் வாட்டும் தட்டை மட்டும் எடுங்கள். மூன்று தட்டு, ஒரு திரை. கொழுந்து வாட 12 முதல் 18 மணித்தியாலம் ஆகும். மழையில் நனைந்து வந்த கொழுந்துக்குக் கூடுதல் நேரமும் காற்றும் வேண்டும். அதிகம் வாடினால் உருட்டும்போது நொறுங்கும், குறைவாக வாடினால் சாறு வழிந்து போகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பதைக் கணக்குக்கு அடித்தளமாக வைக்கலாம். இந்த அளவில் இது நல்ல சிறு கேம்.

மலையகத்தில் ஆடும் காமன் கூத்தின் தப்பு அடியை வைத்துத் தாள விளையாட்டு, கேட்கும்போதே ஆசை வரும். ஆனால் அண்ட்ரொய்ட் போன்களில் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் இடையிலுள்ள தாமதம் போனுக்குப் போன் வேறுபடும், புளூடூத் மாட்டினால் இன்னும் கூடும். ஆடியோசர்வர் தரும் தாமத அளவைக் கழித்தாலும் முழுதாகச் சரியாகாது. தொடக்கத்தில் விளையாடுகிறவரையே எட்டு அடி தட்டச் சொல்லி அளந்துகொள்ளும் திரை கட்டாயம் வேண்டும். தப்பு ஒலியைக் கலைஞரின் சம்மதத்தோடு, அவருக்குரியதைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

முப்பரிமாண மலை நடையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கோடோவுக்குள் மலைத்தரை செதுக்கும் கருவி இல்லை, தனிச் செருகுநிரலைத் தேட வேண்டும். ஆளைச் சூழும் கனமான பனிமூட்டம் ஃபார்வர்ட் பிளஸ் ரெண்டரரில் மட்டும்தான், நம் கைபேசிகளில் அது கிடைக்காது. பனிமூட்டம்தான் வேண்டுமென்றால் ரயில் கேமிலேயே கொண்டு வரலாம்: புகை போன்ற படத்தை உருவாக்கித் தரும் நாய்ஸ்டெக்ஸ்சர்2டி-யை ஓரம் தெரியாதபடி 'சீம்லெஸ்' ஆக்கி, இரண்டு பாரலாக்ஸ்2டி அடுக்கில் வேறுவேறு வேகத்தில் நகர்த்தினால் பட்டிப்பொல காலை ஆறு மணி போலவே இருக்கும். பாரலாக்ஸ்2டி நோட் 4.3-இலிருந்துதான் இருக்கிறது.

எதை எடுத்தாலும் சேமிக்கும் முறையில் கவனம் வேண்டும். கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். தற்காலிகக் கோப்பில் எழுதி, மூடி, பிறகு பெயரை மாற்றுங்கள். போனில் கேமை விட்டு அழைப்புக்குப் போகும் கணத்திலும் சேமியுங்கள். புதிர் கேம் என்றால், மாற்றம் இல்லாதபோது திரையை மறுபடி வரையாத 'லோ புரொசெசர் மோட்' இயக்கி வைத்தால் பேட்டரி மிஞ்சும்.

அண்ட்ரொய்டுக்கு ஏற்றுமதி செய்ய ஓபன்ஜேடிகே 17-உம் அண்ட்ரொய்ட் எஸ்.டி.கே.யும் தனியாக வேண்டும். ஏற்றுமதியில் 64 பிட்டோடு பழைய 32 பிட் தெரிவையும் டிக் செய்யுங்கள், மலிவு போன்கள் பல இன்னும் அதில்தான் ஓடுகின்றன. கேம் உங்களுடையது என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். கடை வழியாக இல்லாமல் நேரடியாக ஏ.பி.கே. (அண்ட்ரொய்ட் நிறுவல் கோப்பு) கொடுத்தவர்களுக்கு, சாவி தொலைந்தால் பழைய கேமின் மேல் புதியதை ஏற்ற முடியாது. கூகுள் பிளேயில் ஒருமுறைக் கட்டணம் 25 டொலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரைக் கேம் பாதி கட்டி முடிந்ததுமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வெளியீட்டுக்குக் கேம்களை வெளியிடும் தளமான இட்ச் ஐஓ போதும், கட்டணமில்லை. 4.3-க்கு முந்தைய பதிப்பில் செய்த வலை கேம் என்றால் அங்கே 'ஷேர்ட்அரேபஃபர்' தெரிவை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கேம் தொடங்காது. 4.3-இலிருந்து த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலைச் சரடு) இல்லாமலே வலைக்கு ஏற்றுமதி செய்யலாம். எஞ்சின் கோப்பு மட்டும் விரித்தால் 30 எம்.பி.யைத் தாண்டும் என்பதால், படங்களையும் ஒலியையும் ஐந்து எம்.பி.க்குள் அடக்கப் பாருங்கள்.