வேலையை விடாமல் மேலாண்மையில் பிஎச்டி: முடித்துப் பார்த்தவனின் அனுபவம்

கோவைப் பக்கம் பம்பு ஆலைகளிலும் ஃபவுண்டரிகளிலும் மனிதவள மேலாளராக வேலை பார்க்கிறேன். 2017இல் பகுதிநேர பிஎச்டிக்குப் பதிவு செய்தேன், 2023இல் வைவா (ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு) முடிந்தது. பட்டம் வாங்கிய கையோடு எழுதினால் பெருமையாகவோ புலம்பலாகவோ போய்விடும் என்று கொஞ்சம் ஆறவிட்டு இப்போது எழுதுகிறேன்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சம்பளம் ஏறவில்லை. விசிட்டிங் கார்டில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' சேர்ந்தது, அவ்வளவுதான். கல்லூரிப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டம் உதவும். தனியார் கம்பெனியில் பதவி உயர்வுக்காக என்றால், அந்த வருடங்களை வேறு எதிலாவது போடலாம்.

என் தலைப்பு, ஆலைகளில் ஷாப்ஃப்ளோர் சூப்பர்வைசர்கள் (உற்பத்திக்கூட மேற்பார்வையாளர்கள்) ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்பது. எனக்கு அது தினசரித் தலைவலி. அனுபவஸ்தர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. பதில் முதலில் வந்துவிடும், கேள்வி பின்னால்தான் வரும். என் கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், என்னைவிட வயதில் சிறியவர். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வரியின் கீழ் கோடு போட்டார்.

“சார், இதை யார் சொன்னது?”

“நான்தான் மேடம். இத்தனை வருஷமா பார்க்கிறேனே.”

“அப்ப வெட்டிடுங்க சார். இல்லைன்னா தரவோட வாங்க.”

அலுவலகத்தில் நாம் சொன்னால் நடக்கும். இங்கே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன்னால் நின்று, முப்பது வயதுப் பேராசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைத் தாங்க முடியாமல் பாதியில் விட்ட மூத்த மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே அவர்கள் சொன்ன காரணம், நேரமில்லை.

நேரம் உண்மையிலேயே கிடைக்காது என்பது வேறு கதை. கோர்ஸ்வொர்க் (ஆரம்பத்தில் வரும் வகுப்புகளும் தேர்வுகளும்) வரை ஒரு வேகத்தில் ஓடிவிடும். அதற்குப் பிறகு கேட்க ஆளில்லாத காலம் ஒன்று வரும், அங்கேதான் பலரும் காணாமல் போகிறார்கள். வருடக் கடைசிக் கணக்கு முடிப்பு, ஆடிட், போனஸ் பேச்சுவார்த்தை என்று மூன்று மாதம் ஃபைலைத் தொடாமல் விட்டால், நாம் எழுதியதே நமக்கு அந்நியமாக இருக்கும்.

கேள்வித்தாள் சேகரிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலாண்மை ஆய்வேடுகளைப் புரட்டினால் 384 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்ட, கிரெஜ்சி, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு வரும் எண் அது. ஏன் 384 என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, அட்டவணையில் இருக்கிறது என்பார்கள். சரி, எண் கிடைத்துவிட்டது, ஆட்கள்? இருபது வருடப் பழக்கம் இங்கேதான் கை கொடுக்கும். முழுநேர மாணவர்கள் கேட்டில் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, எனக்கு ஒரு ஃபோன் போதும்.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு ஆலையிலிருந்து ஒரு கட்டு தாள் ரப்பர் பேண்டு போட்டு வந்தது. எல்லாம் ஒரே நீல மை, ஒரே சாய்வில் டிக், எல்லாக் கேள்விக்கும் நான்கு, அதாவது ‘ஒப்புக்கொள்கிறேன்’. யாரோ ஒருவர் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எனக்காகப் பாசத்தோடு நிரப்பியிருக்கிறார். அப்படியே உள்ளே விட்டிருந்தால் குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) வழக்கமாகக் கேட்கப்படும் 0.7ஐத் தாண்டி அழகாகவே வந்திருக்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதில் சொன்னால் அந்த எண் ஏறத்தான் செய்யும். நடுவில் தலைகீழாக வைத்த ஒரு கேள்விதான் காட்டிக்கொடுத்தது. ‘வேலையில் நீடிக்க விரும்புகிறேன்’ என்பதற்கும் நான்கு, ‘வேறு வேலை தேடுகிறேன்’ என்பதற்கும் நான்கு. மொத்தக் கட்டையும் ஒதுக்கிவிட்டு மறுபடி போனோம்.

என் வேலையில் இன்றுவரை நிற்கும் பயன் இதுதான். ஆலோசனை நிறுவனங்கள் ‘ஊழியர் ஈடுபாடு 87 சதவீதம்’ என்று ஸ்லைடு போட்டால், யார் நிரப்பினார்கள், பெயர் தெரியாமல் நிரப்பினார்களா, எத்தனை பேர் நிரப்பவில்லை என்று கேட்கிறேன். கூட்டங்களில் என்னைக் கொஞ்சம் பிடிக்காமல் போயிருக்கிறது.

இனி விதிகள். நான் இருந்தது 2016 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையின் கீழ். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை, கருத்தரங்கில் இரண்டு என்பது கட்டாயம். ‘மூன்றே நாளில் பிரசுரம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் போலி இதழ்களுக்கு இதனால்தான் நல்ல வியாபாரம். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் சேரும் இடத்தில் கேட்டுவிடுங்கள். புதிய விதிப்படி படிப்புக் காலம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு. வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கட்டாயம். நடுவில் கம்பெனி மாறும் எண்ணம் இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முழுக்க ஆன்லைனில் பிஎச்டி என்று விளம்பரம் வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (ஆன்லைன் படிப்பு விற்கும்) கம்பெனிகள் தரும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் (தொழில்நுட்பக் கல்விக் குழு) 2022 அக்டோபரிலேயே சேர்ந்து எச்சரித்திருக்கின்றன. ‘டிபிஏ’ (வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம்) விற்பவர்கள் இப்போது அதிகம். படிப்பு நன்றாகவே இருக்கலாம், ஆனால் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அதைப் பிஎச்டி என்று காட்ட முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். சில ஐஐஎம்களில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே முனைவர் திட்டம் இருக்கிறது. தரம் உயர்ந்தது, கட்டணமும் அப்படியே.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட கைடு முக்கியம். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கும். இரண்டு மூன்றைப் படியுங்கள். பலவற்றில் பதிவு செய்த தேதியும் பட்டம் பெற்ற தேதியும் இருக்கும். எல்லாருமே எட்டு வருடம் இழுத்திருந்தால், அவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு, அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.