சீல்டு பேட்டரியை ‘ரீகண்டிஷன்’ செய்து தருவதாகச் சொல்லும் கடைகள்: ஓர் எச்சரிக்கை

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள், சார்ஜ் இறங்கிப்போன சீல்டு பேட்டரிக்கு மறுபடியும் உயிர் கொடுத்துத் தருவதாகச் சொல்லும் கடையில் அதைக் கொடுக்கும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். திருச்சியில் அப்படிப்பட்ட ஒரு கடையில், முறையாகச் சார்ஜ் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பேட்டரி ஒன்றையும், அதற்கு மீதமிருந்த வாரண்டியையும் நான் இழந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டால் தீர்ந்துபோகிற விஷயமும் இது அல்ல. இதே வேலையை இதே முறையில் செய்யும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் இருப்பது 2011-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதில் 12 வோல்ட், 14 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள சீல்டு பேட்டரி இருக்கிறது. அப்பாவின் சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு வெளியூரில் தங்க வேண்டியிருந்ததால் வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றது. அதில் பிற்பாடு பொருத்திய திருட்டு அலாரம் ஒன்று உண்டு. இத்தகைய அலாரம் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தாலே 30 நாட்களில் 14.4 ஆம்பியர்-அவர் செலவாகிவிடும். அதாவது வண்டியைத் தொடாமலே முழு பேட்டரியும் காலியாகும். நாங்கள் திரும்பி வந்தபோது, முழுச் சார்ஜில் 12.7 காட்ட வேண்டிய மல்டிமீட்டரில் 11.6 வோல்ட்தான் காட்டியது. கம்பெனி வாரண்டியில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தது. வீட்டில் இருந்தது காருக்கான சார்ஜர் மட்டுமே என்பதால், மெதுவாகச் சார்ஜ் ஏற்றித் தரும் கடை ஒன்றைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “சும்மா சார்ஜ் போட்டா நிக்காது சார். மெஷின்ல வச்சு ரீகண்டிஷன் பண்ணிக் குடுத்துடறேன், இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும். புதுசுக்கு எதுக்கு மூவாயிரம் செலவு பண்றீங்க?” என்றார். அதற்கு 900 ரூபாய் கேட்டார். மெஷினில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, “பல்ஸ் சார்ஜ் சார், உள்ள இருக்கிற சல்பேட் எல்லாம் கரைஞ்சிடும்” என்று பதில் வந்தது. சல்பேட் என்பது சார்ஜ் இறங்கும்போது ஈயத் தட்டுகளில் படியும் உப்பு. பேட்டரியைத் திறப்பார்கள் என்றோ, உள்ளே எதையாவது ஊற்றுவார்கள் என்றோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மறுநாள் மாலை சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு மீட்டரை வைத்து 13.1 வோல்ட் காட்டினார்கள். வண்டியில் பொருத்தி அவர்களே செல்ஃப் அடித்து ஸ்டார்ட் செய்தும் காட்டினார்கள். அடுத்த நாள் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால், மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்ததே தவிர, மோட்டார் சுற்றவில்லை. மீட்டரில் 12.4 வோல்ட் இருந்தது. ஆனால் பட்டனை அழுத்தும் நேரத்தில் அது 8 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் ஆசிட் வாடை மூக்கைத் துளைத்தது. பேட்டரியின் மேல்பட்டையைச் சுற்றிலும் நெம்பி எடுத்த கீறல்கள், அவற்றின் மேல் அவசரமாகப் பூசிய பசை, அந்தப் பசையின் விளிம்பில் ஈரம். பேட்டரி பெட்டியின் அடியில் பெயிண்ட் ஏற்கெனவே கொப்பளித்திருந்தது.

இதில் என்ன தவறு நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கடைக்காரர் காட்டிய அந்த மீட்டர் எண்தான் இந்த ஏமாற்றின் உயிர்நாடி.

நாம் சீல்டு பேட்டரி என்று சொல்வதில் ஆசிட் தளும்பிக்கொண்டிருக்காது. ஈயத் தட்டுகளுக்கு இடையே கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கும். கந்தக அமிலம் முழுவதும் அந்தப் பஞ்சில் ஊறியிருக்கும். பஞ்சு முழுதாக நனைந்துவிடாமல் அதில் சிறிது இடைவெளி விட்டே தயாரிப்பார்கள். சார்ஜ் ஏறும்போது நேர்மின் தட்டில் உண்டாகும் ஆக்ஸிஜன் அந்த இடைவெளிகள் வழியாக எதிர்மின் தட்டை அடைந்து, அங்கே மீண்டும் தண்ணீராகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றவே தேவையில்லாத பேட்டரி என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு தனித்தனி அறைகளைச் செல் என்பார்கள். மேல்பட்டைக்கு அடியில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் மட்டும் அது திறந்து வாயுவை வெளியேற்றும். வெளிக்காற்றை ஒருபோதும் உள்ளே விடாது.

மேல்பட்டையை நெம்பி, வால்வைக் கழற்றி, ஆசிட்டை ஊற்றினால் இந்த அமைப்பு முழுவதும் குலைந்துவிடுகிறது. பஞ்சின் இடைவெளிகள் அடைபடுவதால் ஆக்ஸிஜனுக்கு வழியில்லை. வாயு சேர்ந்து, அழுத்தம் ஏறி, வால்வு வழியாக ஆசிட்டையும் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வால்வு சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்றின் ஆக்ஸிஜன் எதிர்மின் தட்டின் சார்ஜை இடைவிடாமல் தின்றுகொண்டிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மீட்டரில் மட்டும் நல்ல எண் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் எந்த ஈய பேட்டரியும் உண்மை நிலையைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்த மேலோட்டமான சார்ஜ் அடங்கப் பல மணி நேரம் ஆகும். இரண்டாவது காரணம்தான் மோசமானது. ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட், ஏறத்தாழ அதன் அமில அடர்த்தியோடு (தண்ணீரை 1 என்று கொண்டால்) 0.84-ஐக் கூட்டினால் வரும் எண். அடர்த்தி 1.20 என்றால் செல்லுக்கு 2.04, ஆறு செல்லுக்கு 12.24 வோல்ட். வெளியிலிருந்து ஆசிட் ஊற்றி அடர்த்தியை 1.28 ஆக்கிவிட்டால், தட்டுகளில் சல்பேட் அப்படியே உறைந்து கிடந்தாலும் 12.72 வோல்ட் காட்டும். பார்ப்பவருக்கு அது முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி. உண்மையில் அதற்குச் சுமை தாங்கும் வலு சிறிதும் இல்லை. எனவே வெறும் வோல்ட்டை மட்டும் காட்டும் கடைக்காரரை நம்பாதீர்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதையே பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி அப்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அந்தச் சோதனையையும் சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு செய்யாமல், ஓர் இரவு கழித்துச் செய்ய வேண்டும்.

கடைக்குத் திரும்பிப் போனபோது கிடைத்த பதில் என்னை இன்னும் வருத்தியது. “பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். உங்க வண்டியிலதான் சார்ஜிங் காயில் போயிடுச்சு, ஆர்.ஆர். யூனிட்டும் சேர்த்து மாத்தணும்” என்றார். காயில் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரைத்தான் ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அன்று காலையிலேயே தன்னிடம் இருந்த நல்ல பேட்டரியை வண்டியில் மாட்டிப் பார்த்திருந்தார். என்ஜினைச் சற்று முறுக்கிப் பிடித்தபோது பேட்டரி முனைகளில் 14.2 வோல்ட் இருந்தது, காயிலும் ஆர்.ஆர். யூனிட்டும் ஒழுங்காகவே வேலை செய்தன. இதைச் சொன்னதும் கடைக்காரர் பேச்சை மாற்றி, 900 ரூபாயைக் கழித்துக்கொண்டு ‘புது’ பேட்டரி தருவதாகச் சொல்லி ஒன்றை எடுத்து வைத்தார். அதன் முனைகளில் ஏற்கெனவே போல்ட் முறுக்கிய தடம் இருந்தது, தயாரிப்புத் தேதிக் குறியீட்டைச் சுரண்டி, அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், மீட்டரில் 12.2 வோல்ட்தான் வந்தது. புது சீல்டு பேட்டரி என்றால் அலமாரியில் இருக்கும்போதே 12.6-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் பழைய பேட்டரியைத் திரும்பக் கேட்டேன். அதைத் தருவதற்குக்கூட நெடுநேரம் தயங்கினார்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதே பேட்டரியைக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொண்டு போனேன். மேல்பட்டை பெயர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்ததும் வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். திறந்த பேட்டரிக்கு எந்தத் தயாரிப்பாளரும் பொறுப்பேற்க மாட்டார். வாரண்டிக் காலத்தில் இருக்கும் பேட்டரியாக இருந்தால், சோதித்துப் பார்த்துச் சார்ஜ் ஏற்றித் தருவதைத் தாங்களே கட்டணமின்றிச் செய்வதாக அவர் சொன்னார். உங்கள் பேட்டரிக்கும் வாரண்டி மீதமிருந்தால், வேறு எந்தக் கடைக்கும் போகும் முன் முதலில் டீலரிடம் கேளுங்கள்.

ஏமாற்றிய கடையில் கொடுத்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. ஆனால் பணத்தை யுபிஐ மூலம் அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவு சான்றாக இருந்தது. பசை பூசிய மேல்பட்டையையும் அரித்துப்போன பெட்டியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு 900 ரூபாய் திரும்பி வந்தது. பேட்டரிக்கும் வண்டியில் ஏற்பட்ட சேதத்துக்கும் அவர்கள் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.

சீல்டு பேட்டரியை மீட்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. விளக்கை அணைக்க மறந்தோ, அலாரத்தாலோ சில நாட்கள் அல்லது சில வாரங்கள் காலியாகக் கிடந்த பேட்டரி பெரும்பாலும் மீளும். ஆனால் அதற்கு ஒரே வழி, அதைத் திறக்காமல் மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவதுதான். சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும்: 14 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 1.4 ஆம்பியர், 5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். வோல்ட் 14.4 முதல் 14.8-க்குள் நிற்க வேண்டும். காருக்கான 10 ஆம்பியர் சார்ஜரை இதில் மாட்டினால் வாயு மிஞ்சி, வால்வு திறந்து, உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் போய்விடும். போனதைத் திரும்ப நிரப்ப வழியில்லை. சில சார்ஜர்களில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் ரீகண்டிஷன் பட்டன் இருக்கும். அது தண்ணீர் ஊற்றும் வகைக்கானது. சீல்டு வகைக்கு அதைத் தொடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி கையில் சுடும் அளவுக்குச் சூடானாலோ, பக்கங்கள் உப்பினாலோ உடனே நிறுத்துங்கள். ஹைட்ரஜன் வெளியேற வாய்ப்பு இருப்பதால் காற்றோட்டமான இடத்திலேயே சார்ஜ் ஏற்றுங்கள். சமையலறை, பூஜையறை விளக்கு ஆகியவற்றின் அருகே வேண்டவே வேண்டாம்.

முழுச் சார்ஜுக்குப் பின் ஒரு நாள் விட்டு அளந்தால் 12.7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 12.4-க்குக் கீழே நின்றால் வலு குறைந்துவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5 அருகே வந்து நிற்கும் பேட்டரியில் ஒரு செல் இறந்துவிட்டது. அதை எந்த மெஷினாலும் மீட்க முடியாது. பல மாதங்கள் காலியாகக் கிடந்து சல்பேட் கெட்டிப்பட்ட பேட்டரிக்கும் இதே நிலைதான். அப்போது 900 ரூபாயை வீணாக்காமல் புதியது வாங்குவதே சிக்கனம்.

வயதான வண்டிகளில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். ஆர்.ஆர். யூனிட் பழுதாகி 15 வோல்ட்டுக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தால், எத்தனை புது பேட்டரி போட்டாலும் அது காய்ந்து சாகும், 13.5-ஐத் தாண்டாவிட்டால் பேட்டரி என்றைக்கும் நிறையாது. புதியது மாட்டும் நாளிலேயே, என்ஜின் ஓடும்போது அளந்து பார்த்துவிடுங்கள். ஆசிட் பாக்கெட்டோடு வரும் சீல்டு பேட்டரியை வாங்கினால், ஆசிட்டை ஒரே ஒரு முறை நிரப்பிய பின் முதல் சார்ஜை முழுமையாக ஏற்றித் தரச் சொல்லுங்கள். அதைத் தவிர்த்து அப்படியே மாட்டிக் கொடுக்கும் கடைகள் நிறைய உண்டு. அந்தப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலே போய்விடும். வண்டியை நிறுத்தி வைப்பதானால் பேட்டரியின் எதிர்மின் முனை (−) வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் போதும். நம் ஊர் வெயிலில் சார்ஜ் தானாக இறங்கும் வேகம் அதிகம் என்பதால் அதற்கு மேல் நாள் கடத்தாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் பேட்டரியைக் கொடுத்து வாங்கியவர்கள் இன்றே பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். மேல்பட்டையில் நெம்பிய தடமோ பசையோ தெரிந்தால், கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியைச் சாய்க்காமல் வெளியே எடுங்கள். பெட்டியையும் சுற்றியுள்ள இரும்பையும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் நுரை அடங்கும் வரை கழுவி, நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அருகே போகும் வயர்களின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பேட்டரியை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். புதியது வாங்கும் டீலரிடமே கொடுத்து, அதற்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.