டிசம்பர் தில்லியில் ஒரு பகல்: சாந்தினி சௌக்கா, மெஹ்ரோலியா?

போன டிசம்பர் கடைசி வாரம் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து தில்லிக்கு வந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த விடுப்பு ஒரே நாள். அதற்குள் ஊரின் பழைய முகத்தைக் காட்டிவிட வேண்டும், அதுவும் நடந்தே. காருக்குள் உட்கார்ந்து கோட்டை பார்ப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. சாந்தினி சௌக் இருக்கும், ஷாஜகான் கட்டிய பழைய தில்லிக்குப் போவதா, அதற்கு நானூறு ஆண்டுக்கு மேல் மூத்த மெஹ்ரோலிக்குப் போவதா என்று இரண்டு நாள் யோசித்து மெஹ்ரோலிக்கே கூட்டிப்போனேன். பழைய தில்லியை அதற்கு இரண்டு வருடம் முன்பு, இதே குளிரில், நண்பர்களோடு காலையிலிருந்து மாலைவரை சுற்றியிருக்கிறேன். அந்த அனுபவம்தான் முடிவைத் தீர்மானித்தது.

பார்ப்பதற்கு எங்கே அதிகம் என்று கேட்டால் இரண்டுமே ஒரு நாளுக்குள் அடங்காதவை. பழைய தில்லியில் செங்கோட்டை, ஜாமா மசூதி, குரு தேக் பகதூர் 1675இல் உயிர்நீத்த இடத்தில் நிற்கும் சீஸ் கஞ்ச் குருத்வாரா, பல்லிமாரானில் உருதுக் கவிஞர் காலிப் வாழ்ந்த வீடு. மெஹ்ரோலியில் குதுப் மினார், இரும்புத்தூண், சுல்தான் பல்பனின் கல்லறை, படிக்கிணறுகள். மெட்ரோவும் இரண்டுக்கும் உண்டு. காற்று மாசு இரண்டிலும் ஒன்றுதான்; நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டிசம்பரைத் தவிர்ப்பதே நல்லது. இதையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. வெயில் எங்கே விழுகிறது?

தென்னாட்டில் வளர்ந்த நமக்கு இது உடனே மனதில் ஏறாது. நிழல் தேடியே நடந்து பழகிய கால்கள் நம்முடையவை. டிசம்பர் கடைசியில் தில்லியில் ஏழேகால் மணிக்குத்தான் விடிகிறது. ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். பனிமூட்டம் உள்ள நாளில் பத்து மணிவரை எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆக, நடக்க உகந்தது ஆறு, மிஞ்சினால் ஆறரை மணி நேரம். அந்த நேரத்திலும் வெயில் சாய்வாகவே விழும். உச்சிவேளையில் சென்னையில் சூரியன் 53 பாகைக்கு மேல் ஏறி நிற்கும் அதே நாளில் தில்லியில் 38 பாகையோடு நின்றுவிடுகிறது. பத்து மீட்டர் உயரச் சுவர் ஒன்று உச்சிப்பொழுதிலேயே கிட்டத்தட்ட பதின்மூன்று மீட்டருக்கு நிழல் போடும்.

இந்தக் கணக்கைக் கினாரி பஜார் சந்துக்குள் வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். இருபக்கமும் மூன்று மாடி. அங்கே டிசம்பர் முழுக்கத் தரையில் வெயில் படுவதே அபூர்வம். காலையில் ஏறிய குளிர் மதியம் இரண்டு மணிக்கும் அப்படியே இருக்கும். நண்பர்களோடு போனபோது முதல் ஒரு மணி நேரம் உற்சாகமாக இருந்தது. பிறகு, கடைக்குக் கடை டீ குடிக்கத்தான் நின்றோமே தவிர, அண்ணாந்து ஒரு பழைய வீட்டின் வாசலைப் பார்க்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. சாந்தினி சௌக் பெருவீதி மட்டும் விதிவிலக்கு. கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதிவரை அது கிழக்கு மேற்காக ஓடுவதால் அதன் வடக்கு ஓரத்தில் வெயில் கிடைக்கும். 2021இல் செப்பனிட்டுத் திறந்த பிறகு பகலில் அங்கே மோட்டார் வண்டிகளுக்கும் தடை. போகிறவர்கள் வடக்கு ஓரமாகவே நடங்கள்.

அடுத்தது கால். ஜாமா மசூதி, சீஸ் கஞ்ச், ஃபதேபுரி, செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைனர் கோயில் என்று எங்கே நுழைந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் கோயிலிலும் அதே வழக்கம்தான். ஆனால் ஐந்தாறு டிகிரியில் இரவெல்லாம் கிடந்த சிவப்பு மணற்கல்லும் பளிங்கும் காலை பத்தரை மணிக்கு உள்ளங்காலில் ஊசியாய் ஏறும். ஜாமா மசூதி முற்றம் இருபத்தைந்தாயிரம் பேர் தொழக்கூடிய பரந்த வெளி, வெயிலுக்குக் குறைவில்லை. கல் இளஞ்சூடாகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். அம்மாவுக்கு மூட்டுவலி. அவரை அந்தத் தரையில் ஒரு நாளில் நான்கு முறை நிறுத்த எனக்கு மனமில்லை.

மெஹ்ரோலியில் நாங்கள் நுழைந்தபோது பத்தேகால். 72.5 மீட்டர் மினாரின் மேல்பாதி பனிக்குள் இருந்தது. அரைமணியில் அடுக்கடுக்காக வெளியே வந்தது: முதலில் மணற்கல் அடுக்குகள், அப்புறம் பளிங்கு கலந்த மேலடுக்குகள். 1369இல் இடி விழுந்தபின் ஃபிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டிய பகுதி அது. பதினொரு மணிக்குப் புல்வெளி முழுக்க வெயில். தில்லிக் குடும்பங்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தன, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தன. அம்மாவும் சால்வையைத் தோளுக்கு இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “நீங்க பாத்துட்டு வாங்கப்பா, நான் கொஞ்சம் வெயில் காயறேன்” என்றார். இங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கழிப்பறை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. குளிரில் அடிக்கடி போக வேண்டியிருக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. பழைய தில்லியில் அதற்காக நாங்கள் அலைந்திருக்கிறோம்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரும்புத்தூணைவிட்டு அவரை நகர்த்த முடியவில்லை. ஏழு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. வார்த்ததல்ல, இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் உருவாகி, பதினாறு நூற்றாண்டாகத் துருவைத் தடுக்கிறது. வேலிக்கு வெளியே நின்று ஒட்டு தெரிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல வெயிலில் நின்றதால்தான் அரைமணி நேரம் நிற்க முடிந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். பக்கத்திலேயே அலாவுதீன் கில்ஜி 1311இல் எழுப்பிய அலாய் தர்வாசா. அவருடைய தளபதி மாலிக் கபூரின் படை மதுரைவரை வந்து திரும்பியதும் அதே ஆண்டில்தான். அதைச் சொன்னதும் அப்பா அந்த வாசலை இன்னொரு முறை போய்ப் பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டு மதியம் தொல்லியல் பூங்கா. இருநூறு ஏக்கருக்கு மேல், நுழைவுக் கட்டணம் இல்லை. ஜமாலி கமாலி மசூதி முற்றத்திலும் பல்பன் கல்லறையைச் சுற்றியும் மறிக்க உயரமான கட்டடம் இல்லாததால் நான்கு மணிவரை வெயில் கூடவே வந்தது. ராஜோன் கி பாவ்லி படிக்கிணற்றுக்குள் இறங்கியபோதுதான் மறுபடி குளிர் தட்டியது. பெரியவர்கள் மேல்விளிம்பில் நின்றே பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. பூங்காவுக்குள் வழிகாட்டிப் பலகைகள் போதாது. இரண்டு முறை சுற்று வழியில் போய்த் திரும்பினோம். நான்கரைக்குப் பின் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். நான் எப்போதும் துணையோடுதான் போயிருக்கிறேன், தனியாகப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. கைக்குழந்தையோடும் போனதில்லை.

சாப்பாட்டில் பழைய தில்லியே ஜெயிக்கிறது, போட்டியே இல்லை. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட், பாலை இரவுப் பனியில் வைத்து விடியுமுன் கடைந்தெடுத்த நுரை. குங்குமப்பூ தூவி இலைத்தொன்னையில் தருவார்கள். நாக்கில் வைத்ததும் இல்லாமல் போகும். அதை அம்மாவுக்குத் தர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். அதற்காக மெஹ்ரோலியை முடித்துவிட்டுச் சாயங்காலம் அங்கே போகலாமே என்பார்கள். வயதானவர்களோடு அதைச் செய்யாதீர்கள், சூரியன் இறங்கியதும் குளிர் சட்டென்று எலும்புக்குள் இறங்கும்.

ஒரு சூழ்நிலையில் மட்டும் என் முடிவை மாற்றிக்கொள்வேன். பனி நாள் முழுக்க விலகாது என்று தெரிந்தால் மெஹ்ரோலியின் திறந்தவெளியில் ஒரு பலனும் இல்லை. வாடைக் காற்று மட்டும் அறையும். அன்றைக்குப் பழைய தில்லிதான் சரி. சந்துக்குள் காற்று புகாது, அடிக்கொரு அடுப்பு எரியும், கூட்டமே ஒரு கதகதப்பு. திங்கட்கிழமையாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று செங்கோட்டை மூடியிருக்கும். குடியரசு தினத்தை ஒட்டியும் பல நாள் மூடிவிடுவார்கள். குதுப் வளாகத்துக்கு வார விடுமுறை கிடையாது.

முதல்நாளே முடிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு இடமும் மெட்ரோவின் ஒரே மஞ்சள் தடத்தில் இருக்கின்றன. ஒன்பதரை மணிக்கு ராஜீவ் சௌக்கின் நிலத்தடி நிலையத்துக்குள் இறங்குமுன் வானத்தைப் பாருங்கள். வெள்ளை வட்டமாகவாவது சூரியன் தெரிந்தால் குதுப் மினார் பக்கம் போகும் வண்டி, தெரியாவிட்டால் சமய்பூர் பாத்லி வண்டி. குதுப் மினார் நிலையத்திலிருந்து வளாகம் ஒன்றரை கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், கால்களை உள்ளே நடக்க மிச்சம் பிடிக்கலாம்.