லோயரிங் கிட் என்று என் காரின் ஸ்பிரிங்கையே வெட்டி எனக்கே விற்றார்கள் – 14,500 ரேண்ட் போச்சு

நேற்று சாயங்காலம் கிளேர்வுட்டில் வேறொரு மெக்கானிக்கின் லிஃப்டில் காரைத் தூக்கினோம். சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் முன் இடது ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டுக் கழன்று ஆட ஆரம்பித்தது. இரண்டு விரலால் பிடித்துச் சுழற்ற முடிந்தது. 14,500 ரேண்ட் கொடுத்து மாட்டிய ஸ்பிரிங், மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. டர்பனில் கார் தாழ்த்த (அதுதான் லோயரிங்) நினைக்கிற நம் ஆட்கள் இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயர் போடப் போவதில்லை. டயர், அலாய் வீல், எக்ஸாஸ்ட், லோயரிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் செய்கிற ஃபிட்மென்ட் கடை, அவ்வளவுதான். விளம்பரம் பார்த்தது பழைய சாமான், புதுச் சாமான் எல்லாம் விற்கிற ஒரு இணையச் சந்தையில்.

கார் போலோ விவோ, 2018-க்குப் பிறகு வந்த மாடல். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் அதன் துள்ளலை அடக்குகிற ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும். பின்னால் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கிற குறுக்குச் சட்டம். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. கேட்டது 35 மில்லிமீட்டர் இறக்கம், அதற்கு மேல் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். 14,500 ரேண்டுக்கு அவர்கள் ஒத்துக்கொண்டவை: நாலு புது லோயரிங் ஸ்பிரிங், அதற்குப் பொருந்துகிற நீளம் குறைந்த நாலு ஷாக், முன்பக்கத்துக்குப் புது டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை பாடியில் பிடிக்கிற பாகம்), பேரிங், வெட்டிப் பொருத்திய பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்குகிற ரப்பர்க் கட்டை), மாட்டும் கூலி, வீல் அலைன்மென்ட். 8,000 முன்பணம், மீதி 6,500 வண்டி எடுக்கும்போது.

எதை நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் கெட்டது. உள்ளே போனதும் "வாங்கண்ணா, உக்காருங்க" என்றான். இந்த ஊரில் கடை கண்ணியில் தமிழ் கேட்கிறது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பேர் கோவெண்டர், நாயக்கர் என்று இருக்கும், பேச்சு முழுக்க இங்கிலீஷாக இருக்கும். இவன் நெற்றியில் திருநீறு, கவுண்டருக்குப் பின்னால் முருகன் படம், தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த கதை. "அண்ணா, என் தம்பி வண்டிக்கும் இதே கிட்தான் போட்டேன். உங்களுக்குப் போட்டுட்டு நான் கோயில்ல தலை நிமிர்ந்து நிக்க வேணாமா?" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பெட்டியைத் திற, பார்ட் நம்பரைக் காட்டு என்று கேட்க வாய் வரவில்லை. "வாட் பில் வேணாம்னா பதினஞ்சு பர்சென்ட் மிச்சம் உங்களுக்கு" என்றான், வாட் என்றால் விற்பனை வரி. அதற்கும் தலையாட்டினேன். கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு: 'லோயரிங் கிட் + லேபர் 14,500'. எந்த நிறுவனத்து ஸ்பிரிங், என்ன நம்பர், எதுவும் இல்லை.

இனி கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன்.

ஸ்பிரிங் நாலும் பளபளக்கும் கறுப்பு. தின்னரில் நனைத்த துணியால் ஒரு சுற்றைத் துடைத்ததும் கறுப்பு மொத்தமும் துணியோடு வந்துவிட்டது, ஸ்பிரே பெயிண்ட். அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் இரண்டு மஞ்சள் புள்ளி. எந்த எடை வண்டிக்கு எந்த ஸ்பிரிங் என்று அடையாளம் தெரிய ஃபேக்டரியில் வைக்கிற நிறக்குறி அது. போன வருஷம் பிரேக் வேலையின்போது சக்கரத்தைக் கழற்றி எடுத்த படம் போனில் இருந்தது. அதே இடத்தில் அதே வெள்ளை, அதே இரண்டு மஞ்சள். என் ஸ்பிரிங்! கீழ்முனையை கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு அப்படியே இருக்கிறது, துணி மாட்டிக் கிழிந்தது. வெட்டு முகத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கம்பி சூடேறி நீலம் பாய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் எஃகின் பதமே வெப்பத்தில் வருவது. அப்படிச் சூடான இடம் பதம் கெட்டு, நாளாக நாளாக விரிசல் விடும்.

வெட்டினால் என்ன, இறங்கத்தானே செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை எடுத்தால் மிஞ்சுவது நாலரை. சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும். இந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஷாக்கோ பழைய விறைப்புக்குச் செய்தது. மேடு ஏறி இறங்கியபின் அதனால் ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் வண்டி இரண்டு மூன்று தடவை துள்ளும். இது ஒரு கேடு. பெரிய கேடு வேறு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழ்த் தட்டில் இருக்கிற பள்ளத்துக்கு ஏற்ற வடிவில் முடிந்திருக்கும். அதை வெட்டி எறிந்தால் மிச்ச முனை சாய்வாகத் தட்டில் குத்தி நிற்கும். அதோடு ஷாக் முழுசாக நீளும்போதும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நீளம் குறைந்துவிட்டால் சக்கரம் பள்ளத்தில் தொங்குகிற கணத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நகரும், திரும்பி வரும்போது இடம் மாறி உட்காரும். வேகத்தடையில் இடது பக்கம் கேட்ட 'டணக்' சத்தம் அதுதான். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இந்த வண்டியை ஓட்டி வந்திருக்கிறோம், பின்சீட்டில் பிள்ளைகள்.

ஷாக்? மஞ்சள் பெயிண்ட் அடித்த என் பழைய ஷாக் நாலும். பின் வலது பக்கத்தில் எண்ணெய் கசிந்து பெயிண்டே கொப்புளம் விட்டிருந்தது. முன்பக்கத்தில் பம்ப் ஸ்டாப்பை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டவில்லை. ஸ்டாண்டர்ட் நீள ஷாக்கில் 50 மில்லிமீட்டர் இறக்கினால், பயணம் செய்ய இருக்கிற இடமெல்லாம் தீர்ந்து வண்டி ஏறக்குறைய பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். டாப் மவுண்ட், பேரிங் இரண்டும் பழையது. ஸ்டியரிங் முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங் முறுகித் தெறிக்கிற சத்தம் வரும்.

அளவு எடுத்துப் பார்த்தோம். டயர் காற்று, டயர் தேய்மானம் எதுவும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளக்க வேண்டும். மாட்டும் முன் முன்பக்கம் இரண்டும் 368. இப்போது இடது 316, வலது 325. கேட்டது 35, கிடைத்தது 52-ம் 43-ம். கண் மட்டத்துக்கு வெட்டினால் இப்படித்தான் வரும்.

இதில் பின்பக்கத்தில் செய்த ஒரு வேலை, பணம் சம்பந்தப்படாதது என்றாலும் எனக்கு ஆறவில்லை. டார்ஷன் பீம் வண்டியில் ஸ்பிரிங் மாற்றுவது சுலபம். பீமுக்கு ஜாக் கொடுத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். திரும்ப மாட்டும்போது போல்ட்டைச் சும்மா பிடிக்க வைத்து, சக்கரம் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின்தான் முறுக்க வேண்டும். லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் புஷ் தொங்குகிற கோணத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டி நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இவர்கள் தொங்கவிட்டே முறுக்கியிருக்கிறார்கள். கூடுதலாகப் பத்து நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்யவில்லை.

அலைன்மென்ட் செய்யவே இல்லை. வண்டி இறங்கும்போது கீழ் ஆர்மின் கோணமும் டை ராடின் கோணமும் ஒன்றுபோல மாறாது. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக நிற்கிற கோணம்) விலகும், கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்கிற கோணம்) உள்பக்கம் சாயும். முன் டயர் இரண்டும் உள் விளிம்பில் இப்போதே பல் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. இந்த நாட்டில் 1 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் டயர் சட்டப்படி ஆகாது. அப்போ டயர் செலவு 14,500-க்கு மேலே தனி.

இனி அவர்கள் சொன்ன சாக்குகள், வரிசையாக.

வண்டி எடுத்த அன்றைக்கே அலைன்மென்ட் ரிப்போர்ட் கேட்டேன். "லோட் ஷெடிங்ல, கரண்ட் கட்டுல மெஷின் போயிடுச்சுண்ணா, அடுத்த வாரம் ஃப்ரீயா பண்ணித் தர்றேன்." பழைய ஸ்பிரிங், ஷாக் எங்கே என்றேன். "ஸ்கிராப்காரன் காலையிலேயே அள்ளிட்டுப் போயிட்டான்." மறுவாரம் சத்தத்தைச் சொன்னேன். "புது ஸ்பிரிங் செட்டில் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமர்வது உண்மைதான். அமரும்போது டணக் டணக் என்று அடிக்காது. அதற்கடுத்த வாரம் "சப்ளையர் ஜோஹன்னஸ்பர்க்ல, கேட்டுச் சொல்றேன்". அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு மட்டும், பதில் கிடையாது. நேற்று படங்களை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டான். ஒரு அண்ணா இல்லை, ஒரு வாங்க இல்லை. பள்ளத்தில் விட்டிருப்பீர்கள், லோயரிங் வேலைக்கு வாரண்டி கிடையாது, ரீஃபண்ட் கிடையாது என்று வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினான். மூன்று வாரத்துக்கு முன் அதே வாயால்தான் முருகன் பேரைச் சொன்னான். 14,500 ரேண்ட் போனதைவிட அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

'வாரண்டி கிடையாது' என்பது பொய். 2008-ம் ஆண்டின் 68-ம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56-ம் பிரிவு பொருளுக்கு ஆறு மாதமும், 57-ம் பிரிவு ரிப்பேரில் மாட்டிய புதுப் பாகத்துக்குக் குறைந்தது மூன்று மாதமும் உத்தரவாதம் தருகிறது. சுவரில் என்ன எழுதி ஒட்டினாலும் அதை அழிக்க முடியாது. 67-ம் பிரிவை எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வேண்டாம் என்று நீங்கள் சொல்லாதவரை, கழற்றிய பழைய பாகத்தைத் தனியாக வைத்திருந்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும். அதை அன்றைக்கே நான் பிடித்து நின்றிருந்தால் திருட்டு அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும். தரப் பழைய ஸ்பிரிங் ஏது, அது வண்டிக்குள்ளேதானே இருந்தது!

கடையில் பணம் கொடுக்கப் போகிறவர்கள் இவற்றையாவது செய்யுங்கள். விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கில் அச்சிட்ட பார்ட் நம்பரைப் படம் எடுங்கள், அதே நம்பர் பில்லில் வர வேண்டும். மாட்டும் முன் உங்கள் பழைய ஸ்பிரிங்கின் நிறப்புள்ளியையும் படம் எடுங்கள், முடிந்தால் சுண்ணக்கட்டியால் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டர்ட் ஷாக்கோடு 30 முதல் 35 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கவே வேண்டாம். காயிலோவர் (மரையில் காலரைத் திருகி உயரத்தை மாற்றிக்கொள்கிற ஸ்பிரிங்-ஷாக் செட்) போடுகிறவர்கள் மரையில் ஆன்டி சீஸ் (இறுகாமல் காக்கிற பசை) தடவாமல் மாட்ட விடாதீர்கள். கடற்கரை உப்புக்காற்றில் கொஞ்ச நாளில் காலர் இறுகி அசையாது.

லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அலைன்மென்ட் ரிப்போர்ட் காகிதமாகக் கையில் வர வேண்டும். ஹெட்லைட் மட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிச் சொல்லிவிடுங்கள்.

வாட் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள்: ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குக்கான நீதிமன்றம்) 20,000 ரேண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். அதற்கு முன் 14 நாள் கெடு கொடுத்து எழுத்தில் பணத்தைக் கேட்க வேண்டும். என் கடிதம் இன்று காலை பதிவுத் தபாலில் போய்விட்டது. வெட்டிய நாலு ஸ்பிரிங்கும் நிறப்புள்ளியோடு ஒரு சாக்குப் பையில் கட்டி கராஜில் இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, புது ஸ்பிரிங் வாங்கும்வரை வேலைக்கு டாக்சிதான்.