கபே ரேசருக்கு 41 மில்லிமீட்டர் முன் ஃபோர்க்: மட்டக்களப்பு ரோட்டுல ஓடிப் பார்த்த அனுபவம்

கபே ரேசர், அதாவது குனிஞ்சு இருந்து ஓடுற பழைய கால ரேஸ் வடிவப் பைக், கட்டுறதெண்டா நம்மட பொடியனுகள் முதல்ல கை வைக்கிறது சீட்டுலயும் சைலன்சர்லயும்தான், மறுகா டேங்குக்கு பெயின்ட் அடிச்சு, வட்ட ஹெட்லைட் பூட்டி, ஃபோர்க் குழாயிலயே தாழ்வாப் பூட்டுற கிளிப்ஆன் ஹேண்டில போட்டு வேலைய முடிச்சிருவாங்க. முன் சில்லத் தாங்கிற ரெண்டு கால், அதுதான் முன் ஃபோர்க், அத ஒருத்தரும் பார்க்கிறல்ல. ஆனா பிரேக் பிடிக்கக்க, வளைவுல கிறுகக்க, குழி விழுந்த ரோட்டுல போகக்க பைக் எப்பிடி நடந்துக்கும் எண்டத தீர்மானிக்கிறதே அதுதான். அதால இதக் கொஞ்சம் நீளமாவே எழுதுறன், உங்கட பைக்குக்கு எது சரிவருமோ அத எடுத்துக்கங்க.

எண்ட பைக் சுசுகி ஜிஎன் 125. நம்மட நாட்டுல கபே ரேசர் ஆக்கிறதுக்கு நிறையப் பேர் தேடுற பைக்தான், ஒத்த சிலிண்டர், சிம்பிளான ஃபிரேம், பார்ட்ஸ் கிடைக்கும். இதுல கம்பனி போட்ட ஃபோர்க்ல பிழை சொல்ல ஒண்டுமில்ல, நிமிர்ந்து இருந்து உயரமான ஹேண்டில பிடிச்சுக்கொண்டு ஆறுதலா போற பைக்குக்கு அது நல்லாக் காணும். விசயம் என்னெண்டா நாம கிளிப்ஆன் போட்டு, ஃபுட்ரெஸ்ட்ட பின்னுக்குத் தள்ளின உடன உடம்புப் பாரத்துல ஒரு பங்கு முன் சில்லுக்கு மாறிருது. அந்தப் பாரத்துக்கு அந்த ஸ்பிரிங்க யாரும் கணக்குப் பார்க்கல்ல. அதால பிரேக்க அழுத்தினா மூக்கு குத்திக்கொண்டு கீழ போகும், போய் அடியில முட்டும், அந்த நேரம் ரோட்டுல ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் அடி முழுக்க கைமணிக்கட்டுல தான்.

நான் எடுத்தது யமஹா எஃப்ஸெட் 16 இண்ட முன் செட், பழசு, ஆனா குழாய் நேரா இருந்திச்சு. ஃபோர்க் கால்கள இறுக்கிப் பிடிக்கிற மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப், ரெண்டு கால், அலாய் சில்லு, டிஸ்க், கேலிப்பர் எல்லாம் ஒண்டா. இதிண்ட ஃபோர்க் குழாய் 41 மில்லிமீட்டர் விட்டம். குழாயிட விட்டம் கூடக் கூட வளையாத தன்மை அத விட வேகமாக் கூடும், அத பிரேக் பிடிக்கக்கயே உணரலாம். சில்லு 18 இஞ்சில இருந்து 17 ஆகுது, அப்ப முன்பக்கம் சரிஞ்சிராதா எண்டு கனபேர் கேட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: பழைய 2.75-18 டயர் கிட்டத்தட்ட 597 மில்லிமீட்டர் உயரம், எஃப்ஸெட்ல வாற 100/80-17 டயர் 592. வித்தியாசம் 5 மில்லிமீட்டர், அச்சில பார்த்தா அதுல பாதி. அது ஒண்டுமே இல்ல. பார்க்க வேண்டியது சில்ல இல்ல, ஃபோர்க் கால்ட நீளத்த. காலுட நீளம் குறைஞ்சா ஹெட் ஆங்கிள் (ஃபிரேம் கழுத்துட சரிவு) நிமிர்ந்து ட்ரெயில் (அந்தச் சரிவுக் கோடு ரோட்டுல முட்டுற இடத்துக்கும் டயர் ரோட்டத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும், பைக் டக்கெண்டு கிறுகும், ஆனா வேகத்துல நடுங்கும். அதால வாங்க முதல் பழைய ஃபோர்க்க பைக்ல நிக்கிறபடியே அச்சில இருந்து கீழ் கிளாம்ப் மட்டும் அளந்து வெச்சுக்கங்க, புதுசிலயும் அதே அளவு வாற மாதிரி குழாய கிளாம்ப்ல ஏத்தி இறக்கிப் பூட்டலாம்.

பெரிய வேலை ஸ்டெம், அதாவது கீழ் கிளாம்ப்ல இருந்து ஃபிரேம் கழுத்துக்குள்ள போற தண்டு. எஃப்ஸெட் ஸ்டெம் ஜிஎன் கழுத்துக்குள்ள அப்பிடியே போகாது, நீளமும் வேற, பேரிங் உட்காருற அளவும் வேற. கல்முனையில ஒரு லேத்துக்குக் கொண்டு போனன், அங்க இருக்கிற அண்ணன் ரெண்டு ஸ்டெம்மயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வேர்ணியரால அளந்துபோட்டு, "மனே, இத வெட்டி ஒட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டன், வெல்டிங் விட்டுட்டா ஓடக்க ஹேண்டில் கையோட வந்திரும், புதுசா ஒண்டு கடைஞ்சு பிரஸ் பண்ணித்தான் தருவன்" எண்டார். அந்த ஒரு கதைக்காகவே அவர்ட கேட்ட காசக் குடுத்தன். முழு வேலையில கூடச் செலவானது இதுதான், ஆனா ஸ்டெம்ல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க, உயிர் அதுல தான் தொங்குது.

பேரிங்குக்கு பழைய குண்டு பேரிங்க விட்டுட்டு டேப்பர் ரோலர் போட்டாச்சு. குண்டு பேரிங்ல பாரம் சின்னச் சின்னப் புள்ளியில தாங்கும், நேரா ஓடுற இடத்துலயே குண்டு அடிச்சு அடிச்சு குழி விழுந்து, ஹேண்டில் நடுவுல டக்கெண்டு மாட்டுற மாதிரி வந்திரும். ரோலர்ல பாரம் ஒரு கோட்டுல பரவுது. இறுக்கிறது கவனம்: முன் சில்லத் தூக்கி வெச்சு ஹேண்டில ஒரு விரலால தட்டினா அது தானா பக்கத்துக்குச் சரியணும், ஃபோர்க் அடியப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டினா டக் டக் எண்ட சத்தம் வரக்கூடாது. கொஞ்ச நாள் ஓடினா பிறகு ரேஸ் (ரோலர் ஓடுற வளையம்) உட்கார்ந்து லூசாகும், திரும்ப ஒருக்கா இறுக்கணும்.

இவ்வளவோட ஓடிப் பார்த்தா பைக் நல்லா நிமிர்ந்திச்சு, முன்னுக்கு ஒரு தெம்பு வந்திச்சு, ஆனா கூர்மையான அடி குறையல்ல. இந்த இடத்துலதான் கனபேர் நிப்பாட்டிருவாங்க. மொத்தமான குழாய் போட்டா சஸ்பென்சன் சரியாயிருச்சு எண்டு நினைக்கிறாங்க. குழாய் வளையாமப் பார்த்துக்கும், அவ்வளவுதான். அடிய விழுங்கிறது உள்ளுக்கு இருக்கிற ஸ்பிரிங்கும் ஒயிலும்.

எஃப்ஸெட் ஃபோர்க் சாதாரண டாம்பர் ரொட் வகை, உள்ளுக்கு ஒரு மெல்லிய குழாய் நிக்கும், அதுதான் ரொட். ரொட்ல சின்னச் சின்ன ஓட்டை, ஃபோர்க் அமுங்கக்க ஒயில் அந்த ஓட்டையால போகணும். சிக்கல் என்னெண்டா ஓட்டையால போற ஒயில்ட தடை வேகத்தோட வர்க்கமாக் கூடும். மெதுவா அமுங்கக்க, அதாவது பிரேக் பிடிச்சு மூக்கு இறங்கக்க, தடையே இல்லாத மாதிரி லேசா இறங்கிரும். ஆனா கல்லு, பள்ளம், பாலத்து மூட்டு எண்டு ஒரு வேகமான அடி வந்தா ஒயில் போக இடமில்லாம ஃபோர்க் கட்டை மாதிரி இறுகிரும். மெல்ல வேண்டிய இடத்துல இறுக்கம், இறுக்கம் வேண்டிய இடத்துல தளர்வு. தடிப்பான ஒயில ஊத்தினா மூக்கு இறங்கிறது சரியாகும், வேகமான அடி இன்னும் மோசமாகும்.

இதுக்கு மருந்து கார்ட்ரிஜ் எமுலேட்டர். உள்ளங்கையில அடங்குற ஒரு சின்ன வால்வு, டாம்பர் ரொட் தலையில உட்காரும், மெயின் ஸ்பிரிங் அத அமுக்கிப் பிடிச்சிருக்கும். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரர் ஊருக்கு வரக்க கொண்டந்து தந்தார். பூட்ட முதல் டாம்பர் ரொட்ட வெளியில எடுத்து அமுங்கிற பக்கத்து ஓட்டைகள 8 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கி, ஆறு ஓட்டை வாற மாதிரித் துளைக்கணும், அப்பத்தான் ஒயில் தாராளமா வந்து வால்வால போகும். இனி தடையத் தீர்மானிக்கிறது ஓட்டை இல்ல, வால்வுட சின்ன ஸ்பிரிங். மெல்லிய அமுக்கத்துக்கு வால்வு மூடி நிக்கும், பெரிய அடி வந்தா திறந்து விடும். ஆனா திரும்பி மேல வாறது இன்னும் பழைய ரொட்டோட மேல் ஓட்டையாலதான், அத எமுலேட்டர் தொடாது, ஒயில்ட தடிப்பாலதான் அத அடக்கணும். நான் 15 டபிள்யூ ஊத்தினன், அது தடிப்பக் காட்டுற நம்பர். ஒரு விசயம், போத்தில்ல 10, 15 எண்டு போட்டிருக்கிறத மட்டும் நம்பாதீங்க, ஒரு பிராண்ட்ட 10 இன்னொரு பிராண்ட்ட 15 க்குக் கிட்ட வரும். 40 பாகையில எத்தின சென்டிஸ்டோக் (ஒயில்ட தடிப்ப அளக்கிற அலகு) எண்டு பின்னால இருக்கிறதப் பார்த்து வாங்குங்க.

பழைய ஒயில ஊத்தக்க பார்க்கணும் நீங்க, சாம்பல் நிறம், வெயில்ல பிடிச்சா அதுக்குள்ள மினுங்குது, குழாயும் புஷ்ஷும் உரசின தூள். அடியில களி மாதிரி ஒண்டு தங்கி இருந்திச்சு. மண்ணெண்ணெயால ரெண்டு காலையும் கழுவி, தலைகீழா ஒரு ராவு வடிய விட்டுத்தான் புது ஒயில் ஊத்தினது. அளவ மில்லிலீட்டர்ல பார்க்கிறத விட மட்டத்துல பார்க்கிறது நல்லம்: ஸ்பிரிங் இல்லாம, ஃபோர்க்க முழுக்க அமுக்கி வெச்சு, மேல் விளிம்புல இருந்து ஒயில் மட்டும் எத்தின மில்லிமீட்டர் எண்டு. எண்டது 130. அந்த இடத்துல நிக்கிற காத்தும் கடைசி அமுக்கத்துல ஸ்பிரிங்தான், அதால ரெண்டு காலுலயும் ஒரே அளவு இருக்கணும்.

எமுலேட்டர்ட உயரத்துக்கு ஏத்த மாதிரி மேல வாற ஸ்பேசர, அதாவது ஸ்பிரிங்க அமுக்கி நிக்கிற குழாய்த் துண்ட, குறைக்கணும், பிவிசி குழாய நேரா வெட்டி, வாஷர் வெச்சுப் போட்டன். இதுல ஒரு பிழையான நம்பிக்கை இஞ்ச கராஜ்ல எல்லாம் இருக்கு, ஸ்பேசர நீளமாக்கினா ஃபோர்க் இறுகும் எண்டு. இல்ல. ஸ்பிரிங்குட இறுக்கம் அதே இறுக்கம்தான், பைக் நிக்கிற உயரம்தான் மாறும். ஹெல்மட்டோட ஏறி இருந்தா ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரத்துல, அதாவது மொத்த ஓட்டத்துல, மூண்டுல ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கி நிக்கணும். 130 மில்லிமீட்டர் ஓடுற ஃபோர்க்குக்கு 35 இல இருந்து 40 க்குள்ள. அதுக்கும் குறைவா இறங்கினா சில்லு பள்ளத்துக்குள்ள நீண்டு போக இடமில்லாம ரோட்ட விட்டுக் கிளம்பும்.

இனி ஓடின கதை. கச்சான் காத்தும் கண்டாச்சு, மாரியும் கண்டாச்சு, முன் டயர் ஒண்டு தேஞ்சு மாத்தியும் ஆச்சு.

கல்லடிப் பாலத்து மூட்டுகள்தான் நான் அடிக்கடி பார்க்கிற பரீட்சை. முந்தி ஒவ்வொரு மூட்டுக்கும் கைக்குள்ள ஒரு குத்து வரும், இப்ப சில்லு ஏறி இறங்கிற சத்தம் கேட்குது, கைக்கு வாறது ஒரு சின்னத் தட்டல். காத்தான்குடிக்குள்ள நடுவுல ஈச்சமரம் நிக்கிற அந்த ரோட்டுல பின்னேரத்துல ஆட்டோவும் ஆக்களும் எந்தப் பக்கத்தால வருவாங்க எண்டு சொல்லேலா, பிரேக் பிடிச்சுப் பிடிச்சுத்தான் போகணும், அங்கதான் மூக்கு குத்தாததுட அருமை விளங்கும். பிரேக் பிடிச்சுக்கொண்டே ஒதுங்க ஏலும், ஃபோர்க்ல இன்னும் ஓட்டம் மிச்சம் இருக்கும். அத நம்பிச் சொல்லல்ல, குழாயில ஒரு கேபிள் டை கட்டி விட்டிருந்தன், அது ஃபோர்க் ஆகக்கூட எது மட்டும் அமுங்கினது எண்டு காட்டும். கடும் பிரேக்குக்குப் பிறகு பார்த்தா இன்னும் ரெண்டு விரல் ஓட்டம் மிச்சம். பழைய ஃபோர்க்ல அந்த டை எப்பவும் ஓட்டம் முடியுற இடத்துலதான் நிக்கும்.

வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் வேற கதை. மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலை மட்டும் பரவாயில்ல, அதுக்கங்கால வயல் ரோட்டுக்கு இறங்கினா கிரவல், மாரிக்கு உழவு மெசின் போன தடம் காய்ஞ்சு கல்லாகி நிக்கும். அங்க கம்ப்ரசன், அதாவது அமுங்கக்க வாற தடை, கொஞ்சம் இறுக்கமாப் பட்டிச்சு. எமுலேட்டர்ட ஸ்பிரிங்க ரெண்டு சுத்துல வெச்சிருந்தத ஒண்டரைக்குக் குறைச்சன், அதோட சில்லு தடத்தப் பிடிச்சுக்கொண்டு போகுது. பொத்துவில் போற ஏ4 ரோட்டுல திருக்கோவில் தாண்டினா நீளமான நேர் ரோடு, கடல் பக்கத்தால பக்கக்காத்து அடிக்கும். ட்ரெயில் அளவ மாத்தாம வெச்சது அங்க உதவிச்சு, ஹேண்டில் நடுங்கிறல்ல. இருட்டினா பிறகு கோமாரிப் பக்கம் மாடு ரோட்டுல படுத்துக் கிடக்கும், யானையும் வரும், அதால அந்த ரோட்டுல சஸ்பென்சன் எவ்வளவு நல்லமா இருந்தாலும் பகல்ல போய் வாங்க.

இஞ்ச ஃபோர்க்குக்கு எமன் ரோடு இல்ல, உப்புக்காத்து. கடலும் வாவியுமா சுத்தி வர தண்ணி, குழாயிட குரோம்ல ஊசி முனை அளவுல துரு பிடிக்கும், கண்ணுக்குப் பெருசாத் தெரியாது, நகத்தால மேல கீழ தடவினா மாட்டும். அந்த ஊசி முனை ஒவ்வொரு தடவையும் சீல் உதட்டக் கீறும், மறுகா ஒயில் கசியும், கசிஞ்ச ஒயில் டிஸ்க்ல பட்டா பிரேக் போயிரும். நான் ரப்பர் கெய்ட்டர் (குழாய மூடுற மடிப்பு உறை) போட்டிருக்கன், பழைய கால பைக் மாதிரி வடிவாவும் இருக்கு, மணலும் உப்பும் குழாயில படாது. ஆனா போட்டுட்டு மறந்திராதீங்க, மாரியில உள்ளுக்குத் தண்ணி நிண்டா வெளியில இருந்து பார்க்கத் தெரியாமலே துருப்பிடிக்கும். இடைக்கிட மேல தள்ளித் துடைச்சு, சிலிக்கன் ஸ்பிரே ஒரு துணியில எடுத்துத் தடவி விடணும். இதுவரைக்கும் சீல் கசியல்ல.

குறை இல்லாம இல்ல. கிளாம்ப் அகலம் கூட, அதால ஹேண்டில் முழுக்க வெட்டேலா, டேங்குல முட்டாம ஸ்டொப்பர் வெச்சதால ஒழுங்கைக்குள்ள பைக்கத் திருப்ப முன்ன பின்ன தள்ளணும். முன்பக்கம் பாரமும் கூடிட்டு, மெதுவா போகக்க அது தெரியும். எமுலேட்டர மாத்திப் பார்க்கணுமெண்டா வெளியில திருகு ஒண்டும் இல்ல, மூடியக் கழட்டி, ஸ்பிரிங்க எடுத்து, வளைச்ச கம்பியால கொக்கி போட்டு வால்வத் தூக்கணும், ஒயில் கையெல்லாம். பொறுமை இல்லாத ஆக்களுக்கு இது சரிவராது.

மொத்தமான குழாய் மேலயும் மெல்லிய குழாய் கீழயும் வாற தலைகீழ் ஃபோர்க் போட்டா இன்னும் வடிவா இருக்குமே எண்டு கேட்கிறவங்களுக்கு: வடிவுதான், மறுக்கல்ல. ஆனா பாரமான பைக்குக்கு எண்டு வந்த ஸ்பிரிங்கோட அத 125 பைக்ல போட்டா பாதி ஓட்டம் கூட அமுங்காது, படுவான்கரையில பல்லு ஆடும். 1950, 60 கள்ல லண்டன்ல 100 மைல் வேகம் ஓடணுமெண்டு பைக் கட்டின பொடியனுகள் நோர்ட்டன் ஃபிரேமுக்குள்ள ட்ரையம்ப் எஞ்சினத் தூக்கி வெச்சாங்க, ட்ரைட்டன் எண்டு பேர். நோர்ட்டன் ஃபிரேம என்னத்துக்குத் தேடினாங்க? வளைவுல சொன்ன சொல் கேட்கும் எண்டதால. கபே ரேசர்ட வடிவே அந்த ஓட்டத்துல இருந்து வந்ததுதான்.

கையில காசு குறைவெண்டா செட் மாத்தாமலே, இருக்கிற ஃபோர்க்ல புது ஒயில், புது சீல், உங்கட பாரத்துக்குச் சரியான ஸ்பிரிங், டேப்பர் பேரிங், இவ்வளவு செஞ்சாலே பாதித் தூரம் வந்திரும். முன்னுக்கு இப்ப எனக்குத் திருப்தி, ஆனா முன்பக்கம் அமைதியானதும் பின் ஷொக் ரெண்டும் குதிக்கிறது பளிச்செண்டு தெரியுது, கல்முனை தாண்டி வேகம் பிடிச்சா சீட் தூக்கி அடிக்குது. அடுத்த வேலை அதுதான், நீளம் மாறினா முன்பக்கத்து ட்ரெயிலும் மாறும், அதால அதே நீளத்துல தேடிக்கொண்டு இருக்கன்.