கிளவுட் ஷெல்லா, மடிக்கணினி டெர்மினலா?

கிளிநொச்சியில் வீட்டிலிருந்து கிளவுட் வேலை பார்ப்பவர்களுக்கு டேட்டாதான் முதல் கணக்கு. அதில் உலாவிக்குள்ளேயே திறக்கும் கூகுள் கிளவுட் ஷெல், அதாவது கூகுளின் இயந்திரத்தில் கட்டளைகளை ஓட்டும் டெர்மினல், சுலபமாக முந்திவிடும். கூகுள் கிளவுட்டைக் கட்டளைகளால் இயக்கும் ஜிகிளவுட், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், செயலிகளைப் பொதிகளாக ஓட்டும் டொக்கர் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. பெரிய டொக்கர் இமேஜை, அதாவது செயலிப் பொதியை, இறக்கினாலும் அது கூகுளின் இயந்திரத்தில்தான் இறங்கும். நம் ரவுட்டர் வழியாக வந்து போவது பெரும்பாலும் எழுத்துகள்தான். மடிக்கணினியில் இதே கருவிகளை நிறுவி, புதுப்பித்து, இமேஜ்களையும் இறக்கினால் மாதப் பக்கேஜ் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

போன மாரியில், கிளவுட் வளங்களை உருவாக்கும் டெராஃபோம் கிளவுட் ஷெல்லில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தது. கைபேசி ஹொட்ஸ்பொட்டைப் போட்டுத் திரும்ப நுழைந்தால் அதே திரை, வேலை முடிந்து நிற்கிறது. இணைப்பு அறுந்தாலும் அமர்வை அப்படியே வைத்திருக்கும் டீமக்ஸ் பின்னால் ஓடுவதன் தயவு அது. மடிக்கணினியில் ஓட்டியிருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

சரி, அப்படியானால் மடிக்கணினி எதற்கு? கிளவுட் ஷெல்லில் நிரந்தர இடமான ஹோம் கோப்புறை 5 ஜிபிதான், பயன்பாடு வாரத்துக்கு 50 மணிநேரம். 120 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் ஹோம் கோப்புறையே அழிக்கப்படும். ஹோமுக்கு வெளியே நிறுவியவை அடுத்த அமர்வில் இருக்காது. மற்ற சர்வர்களுக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகளை அங்கே வைக்கவும் எனக்கு மனமில்லை. அவை மடிக்கணினியிலேயே கிடக்கின்றன.

அப்புறம் இந்தக் கண்ட்ரோல் டபிள்யூ. டெர்மினலில் ஒரு சொல்லை அழிக்கும் பழக்கத்தில் அழுத்தினால், குரோம் டாபையே மூடிவிடுகிறது. இன்றைக்கு மட்டும் இரண்டு தரம்.