அட்டவணை நிரம்பிய ஒரு முதியோர் குடியிருப்பு: அன்றாடச் செயல்பாடுகள் பற்றிய மதிப்பீடு

என் அத்தை வசிக்கும் முதியோர் குடியிருப்பில் அறை வசதிக்கும் மருத்துவக் கவனிப்புக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பகல் பொழுதை அங்குள்ளவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அறிவிப்புப் பலகையில் உடற்பயிற்சி, இசை, சொல் விளையாட்டு, கைவினை, திரைப்படம் என்று வாரம் முழுவதும் நிரம்பியிருக்கிறது. ஆனால் எந்தப் படம், எந்த நேரம் என்பதையெல்லாம் அலுவலகமே முடிவு செய்கிறது. முதியவர்கள் அழைத்து வரப்பட்டு உட்கார வைக்கப்படுகிறார்கள். 1976இல் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வில், படம் பார்க்கும் நாளைத் தாமே தேர்ந்தெடுத்து, ஒரு செடியையும் தாமே வளர்த்தவர்கள், எல்லாவற்றையும் ஊழியர்களே செய்துகொடுத்தவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது தெரியவந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் இக்குடியிருப்பின் நிர்வாகம் அதைப் படித்துப் பார்க்கலாம்.

அந்த உண்மை இங்கேயே, தோட்டத்தில் கண்கூடாகத் தெரிகிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலை செய்யும் உயரத்தில் பாத்திகள் அமைத்து, ஒவ்வொன்றையும் ஒருவர் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். என்ன நடுவது, எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவரவர் விருப்பம். இசை நிகழ்ச்சிக்குப் பலமுறை கூப்பிட்டாலும் எழுந்திராத அத்தை, தம் பாத்தியைப் பார்க்க யாரும் கூப்பிடாமலே போகிறார். பக்கத்துப் பாத்திக்காரரோடு உரம் பற்றி வாக்குவாதமும் செய்கிறார்.

உடற்பயிற்சிதான் ஏமாற்றம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இங்கே பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தூக்கி இறக்குவதோடு சரி. விழுந்துவிடுவார்களோ என்ற அச்சம் புரிகிறது. ஆனால் நிற்கவே பழக்காவிட்டால் அந்த ஆபத்து கூடத்தான் செய்யும்.

இசை நிகழ்ச்சி நடக்கும் பெரிய கூடத்தில் எதிரொலி அதிகம் என்பதால், செவித்துணைக் கருவி அணிந்தவர்களுக்குப் பாட்டும் பேச்சும் ஒரே இரைச்சலாகக் கேட்கின்றன. சிறிய அறையில் வட்டமாக உட்கார்ந்து நடத்தும் வாசிப்புக் குழுவில் இத்தொல்லை இல்லை.

உறவினரைச் சேர்க்க நினைப்பவர்கள், அடுத்த மாத அட்டவணையை யார் தயாரிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். விடுமுறை நாளில் ஒருமுறை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பாருங்கள், ஏனெனில் அன்று ஊழியர்கள் குறைவு, தோட்டத்துக்குப் போகும் கதவும் பூட்டியிருக்கும்.